இடது கையில் ஏழு கிலோ

டேபெல்ன்,
மார்ச் 12, 1944

அன்புத் தம்பி ரெய்ன்ஹோல்டுக்கு,

அக்கா ஒட்டிலி எழுதுகிறேன். நானும் அப்பாவும் நலம். குளிர் விட்டதும் அப்பாவின் இருமலும் கொஞ்சம் விட்டிருக்கிறது. சாம்பல் நிற முயல் குட்டி போட்டிருக்கிறது. பெரிய முயலை ஈஸ்டர் விருந்துக்கென்று வைத்திருக்கிறோம், அதுவரை யாரும் திருடாமல் இருந்தால். நீ நலம் என்பதை உன் கையெழுத்தைப் பார்த்தே தெரிந்துகொண்டேன். வரிகள் துள்ளுகின்றன.

அந்தத் துள்ளலைப் பற்றித்தான் எழுத வேண்டும். புதிதாக வரும் டாங்கி அழிப்பு வண்டியில் குண்டு நிரப்பும் வேலைக்கு உன்னைத் தனியாகப் பொறுக்கி எடுத்திருக்கிறார்கள் என்றும், கம்பெனி முழுவதிலும் நான்கு பேருக்குத்தான் அந்த வாய்ப்பு என்றும், இனிமேல் சேற்றில் நடக்காமல் இரும்புக்குள் உட்கார்ந்து போகலாம் என்றும் எழுதியிருந்தாய். அப்பா அதைப் பக்கத்து வீட்டில் போய் வாசித்துக் காட்டினார். நான் அடுக்களைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டேன்.

வருகிற வெள்ளிக்கிழமை கடைசித் தேர்வு என்கிறாய். ரெய்ன்ஹோல்ட், அதில் நீ தேறக் கூடாது. இந்தக் கடிதம் அதற்காகத்தான்.

இதைத் தபாலில் போட முடியாது. எங்கள் ஆலையிலிருந்து உன் முகாமுக்கு உதிரி பாகங்கள் கொண்டுவரும் மெக்கானிக் ஸ்டெல்ட்ஸ்னரிடம் கொடுத்தனுப்புகிறேன். அவர் உறையைக் கையில் வாங்கியதும், "ஒட்டிலி, இதுல என்ன இருக்குன்னு நான் கேக்கல, நீயும் சொல்லாத. பூட்ஸுக்குள்ள வச்சுக்கிறேன். நாத்தமடிச்சா உன் தம்பியை மன்னிச்சுக்கச் சொல்லு" என்றார். படித்து முடித்ததும் இதை என்ன செய்ய வேண்டும் என்று உனக்கே தெரியும்.

அந்த வண்டி எங்கள் ஆலையில்தான் உருவானது. இதுவரை வீட்டில்கூட நான் சொன்னதில்லை, சொல்லக் கூடாது என்று கையெழுத்து வாங்கியிருக்கிறார்கள். வடிவமைப்புக் குழுவின் கூட்டங்களில் சுருக்கெழுத்து எடுப்பது நான். யார் எதை எந்த வார்த்தையில் சொன்னார் என்று நினைவிலிருந்தே சொல்ல முடியும். ஆகவே நான் கோபத்தில் கூட்டியோ குறைத்தோ எழுதுகிறேன் என்று நினைக்காதே. கோபம் இருக்கிறது, இல்லையென்று சொல்லவில்லை.

பெரிய வண்டிகள் செய்யும் ஆலைகள் போன இலையுதிர் காலக் குண்டுவீச்சில் எரிந்த பிறகு, சின்னதாக, மலிவாக, உடனே ஒன்று வேண்டும் என்று பெர்லினிலிருந்து உத்தரவு வந்தது. எங்கள் தலைமைப் பொறியாளர் டாக்டர் ஆஸ்முஸ், ஏப்ரலில் முதல் வண்டி ஓடும் என்று வாக்குக் கொடுத்துவிட்டார். அதற்குப் பிறகு நடந்த எல்லாவற்றுக்கும் அந்த ஏப்ரல்தான் காரணம்.

வண்டி, கவிழ்த்து வைத்த தொட்டி மாதிரி தாழ்வாக இருக்கும். மேலே சுழலும் கோபுரம் கிடையாது. பீரங்கி முன்தகட்டில், வலப்பக்கமாக ஒதுங்கி நிற்கும். அதன் இடப்பக்கத்தில் மூன்று பேர் ஒருவர் முதுகுக்குப் பின்னால் ஒருவராக உட்கார வேண்டும்: ஓட்டுகிறவர், குறி பார்க்கிறவர், அதற்குப் பின்னால் குண்டு நிரப்புகிறவர். அந்த மூன்றாவது இடம் உனக்கு. பீரங்கியோ இந்த வண்டிக்காகச் செய்ததல்ல. வேறொரு வண்டிக்காக வேறொரு ஆலை செய்தது. அந்த வண்டியில் குண்டு நிரப்புகிறவன் வலப்பக்கம் நிற்பான், அதனால் அதன் நெம்புகோல்கள் எல்லாம் வலப்பக்கம் இருக்கின்றன. உன் வலது கை பீரங்கிக்கு மேலே நீண்டு அந்தப் பக்கத்து நெம்புகோலைப் பிடித்துக்கொண்டே இருக்க வேண்டும். ஏழு கிலோ குண்டை இடது கை மட்டும் தூக்கி, ஓடும் வண்டியில், தலைக்குமேல் இடமில்லாத இடத்தில், பீரங்கியின் பின்வாய்க்குள் தள்ள வேண்டும்.

இது ஜனவரியிலேயே எல்லோருக்கும் தெரியும். அதுதான் என்னால் தாங்க முடியாதது.

ஜனவரியில் ஆலையின் பெரிய கூடத்தில் வண்டியை முழு அளவில் மரத்தில் செய்து வைத்தார்கள். பெர்லினிலிருந்து அமைச்சக அதிகாரி வந்திருந்தார், ராணுவத்திலிருந்து மூன்று பேர் வந்திருந்தார்கள். கூடத்தில் நான்கு அடுப்புகள் எரிந்தன. வீட்டில் நாங்கள் நாற்காலியை உடைத்து எரித்துக்கொண்டிருந்த வாரம் அது. குண்டு நிரப்பிக் காட்ட யாரை உட்கார வைத்தார்கள் தெரியுமா? கணக்குப் பிரிவிலிருந்து புட்னரை. அந்த ஒல்லி மனிதரை நீ பார்த்திருக்கிறாய். காற்றடித்தால் தொப்பியோடு சேர்ந்து பறந்துவிடுவார். சட்டைக் கையை மடித்துக்கொண்டு உள்ளே இறங்கினார். கையில் கொடுத்த குண்டும் மரம். உள்ளே குடைந்து, வெளியே பித்தளை நிறம் பூசியது. ரொட்டிக் கூடையிலிருந்து ரொட்டி எடுக்கிற மாதிரி எடுத்து எடுத்து வைத்தார். அதிகாரிகள் கடிகாரத்தைப் பார்த்துத் தலையாட்டினார்கள்.

வந்திருந்த ராணுவத்தாரில் தீமே என்று ஒரு கேப்டன். கிழக்கு முனையில் ஒரு கண்ணைக் கொடுத்துவிட்டு வந்தவர். அவர் அந்தக் குண்டை வாங்கி விரலால் சுண்டிப் பார்த்தார். "இதை யார் கடைஞ்சது? அருமையா இருக்கு. என் பொண்ணுக்கு விளையாடக் குடுக்கலாம்" என்றார். டாக்டர் ஆஸ்முஸுக்கு முகம் சிவந்துவிட்டது. "இது அளவு பாக்குறதுக்கு, கேப்டன். கனம் பாக்குறதுக்கு இல்ல."

"அப்படியா? அப்ப ருஷ்யாக்காரங்கிட்டயும் அதையே சொல்லிடுவோம். கொஞ்சம் பொறுத்துக்கப்பா, இன்னிக்கு அளவுதான் பாக்குறோம்னு. நிஜக் குண்டு ஒண்ணு கொண்டு வாங்க. மருந்தை எடுத்துட்டு, கனம் குறையாம. அப்படியே ஒரு குளிர்காலக் கோட்டும். நாங்க அங்க சட்டையோட உக்கார்றதில்ல."

கொண்டுவந்தார்கள். அவரோடு வந்திருந்த சார்ஜண்ட் கோட்டைப் போட்டுக்கொண்டு உள்ளே போனார். உன்னைவிட ஒரு தலை உயரம், நல்ல பலசாலி. முதல் குண்டைத் திணறித் திணறி உள்ளே தள்ளினார். இரண்டாவது கூரையில் இடித்தது. மூன்றாவது கையை விட்டு நழுவியது. மரத்தரையைப் பொத்துக்கொண்டு கூடத்தின் சிமெண்டில் போய் விழுந்தது. கேப்டன் குனிந்து அந்த ஓட்டையைப் பார்த்துவிட்டு, "கீழ பூமி இருக்குங்கிறதாவது உறுதியாச்சு" என்றார்.

அதற்குப் பிறகு மேசையில் உட்கார்ந்து பேசினார்கள். நெம்புகோல்களை இடப்பக்கத்துக்கு மாற்றினால் நான்கு மாதம் பிடிக்கும் என்றது பீரங்கி செய்த ஆலை. "ஏப்ரல்னு சொல்லியாச்சே" என்றார் ஆஸ்முஸ். "ஏப்ரல்ல சாகப் போறவங்களுக்கு யார் பதில் சொல்றது?" என்று கேட்டார் கேப்டன். "உணர்ச்சிவசப்படாதீங்க, கேப்டன், இது தொழில்நுட்பக் கூட்டம்" என்று அதற்குப் பதில் சொன்னார் ஆஸ்முஸ்.

அப்போதுதான் அமைச்சக அதிகாரி வாயைத் திறந்தார். "எதுக்கு இவ்வளவு சிக்கல்? இடது கைக்காரங்க ராணுவத்துல ஆயிரக்கணக்குல இருக்காங்க. குட்டையா இருக்கறவங்களும் இருக்காங்க. ரெண்டும் ஒண்ணா இருக்கறவங்களாப் பொறுக்குங்க. வண்டியை ஏன் மாத்தணும், ஆளை மாத்துங்க!"

ரெய்ன்ஹோல்ட், அவர்கள் மேசையைத் தட்டினார்கள். பல்கலைக்கழகத்தில் பேராசிரியர் நல்ல உரை ஆற்றினால் விரல் முட்டியால் தட்டுவார்களே, அப்படி. எல்லோர் முகத்திலும் சுமை இறங்கிய களை. கேப்டன் மட்டும் என் பக்கம் திரும்பி, "தீமே ஒத்துக்கலைன்னு எழுதிக்கோங்கம்மா" என்றார். எழுதினேன். தட்டச்சு செய்யக் கொடுக்கும்போது டாக்டர் ஆஸ்முஸ் அந்த வரியை அடித்துவிட்டு 'ஏகமனதாக' என்று போட்டார். கேப்டனை அடுத்த வாரமே மறுபடி கிழக்கே அனுப்பிவிட்டார்கள், ஒரு கண்ணோடு. கூட்டம் முடிந்ததும் அசல் காப்பிக்கொட்டையில் போட்ட காப்பி வந்தது. எனக்கும் ஒரு கோப்பை கொடுத்தார்கள். நான் குடிக்கவில்லை என்று எழுத ஆசைதான். குடித்தேன், இரண்டு வருஷமாயிற்று அந்த வாசனை கண்டு.

இப்போது உன் கடிதத்தை எடுத்துப் பார். உயரம் அளந்தார்கள், குட்டையாக இருப்பதற்கு முதல் முறையாகப் பாராட்டினார்கள் என்று எழுதியிருக்கிறாய். ரொட்டி வெட்டச் சொன்னார்கள், பந்தைப் பிடிக்கச் சொன்னார்கள், ஆணி அடிக்கச் சொன்னார்கள், முகாம் டாக்டர் என் கையையே பார்த்துக்கொண்டிருந்தார், ஏனென்று தெரியவில்லை என்று எழுதியிருக்கிறாய். ஏனென்று இப்போது தெரிகிறதா? அவர்களுக்கு வீரன் தேவைப்படவில்லை. தவறாக வைத்த ஒரு பீரங்கிக்கு முட்டுக்கொடுக்க ஒரு ஆள் தேவைப்படுகிறது.

அதே கை, ரெய்ன்ஹோல்ட்! பள்ளியில் எத்தனை வருஷம் அந்தக் கைக்காக அடி வாங்கினாய்? அதை நாற்காலியோடு சேர்த்துக் கட்டிவைத்தார்கள். கட்டின தழும்பை மறைக்க நீ மே மாதத்தில் கையுறை போட்டுக்கொண்டு வந்தாய். 'அழகான கையைக் கொடு' என்று சொல்லிச் சொல்லியே கோயிலில், கடையில், வீட்டில், எல்லோரும் உன் வலது கையைத்தான் கேட்டார்கள். இடது கை ஒழுக்கக்கேடு, பிடிவாதம், ஜெர்மானியனுக்கு அடுக்காதது என்று தலைமை ஆசிரியர் அம்மாவைக் கூப்பிட்டுச் சொன்னார். கடைசியில் வலது கையால் எழுத வைத்து, கெட்ட பழக்கம் குணமாயிற்று என்று சான்றிதழே கொடுத்தார்கள். இன்றைக்கு அதே அரசு, அன்றைக்குத் தப்பிப் பிழைத்ததைத் தேடிக்கொண்டு வருகிறது. வெட்கம் என்று ஒன்று இல்லையா இவர்களுக்கு?

உன் கடிதம் வந்த மறுநாள் டாக்டர் ஆஸ்முஸிடம் போனேன். என் தம்பி அந்தப் பட்டியலில் இருக்கிறான், ஒரு வார்த்தை சொன்னால் எடுத்துவிடுவார்கள் என்று கேட்டேன். "ஃப்ராய்லைன் கிரெச்மர், இதுல உங்களுக்குப் பெருமைதானே இருக்கணும்?" என்றார். அவர் மகன் தொழில்நுட்பக் கல்லூரியில் படிப்பதால் படைக்குப் போகத் தேவையில்லை. "உங்க பையன் எந்தக் கைக்காரர் ஐயா?" என்று கேட்டேன். நிமிர்ந்து பார்த்தார். "நோட்டை எடுங்க, கடிதம் சொல்றேன்" என்றார். எடுத்தேன்.

ஆகவே வெள்ளிக்கிழமை நீ செய்ய வேண்டியது ஒன்றே ஒன்று. எதைக் கொடுத்தாலும் வலது கையால் வாங்கு. பந்து வந்தால் வலது கை, ரொட்டிக் கத்தி வந்தால் வலது கை. ஏன் என்று கேட்டால், பள்ளியில் திருத்திவிட்டார்கள் ஐயா, இரண்டு கையும் இப்போது அரைகுறை என்று சொல். பொய்யில்லை. சேற்றில் நடப்பது கேவலமில்லை, தம்பி. சேற்றில் நடக்கிறவன் குனியலாம், படுக்கலாம், ஓடலாம்.

கையுறையும் உருளைக்கிழங்கு அப்பமும் ஸ்டெல்ட்ஸ்னரிடம் கொடுத்திருக்கிறேன். அப்பம் எத்தனை மிச்சம் வந்து சேர்கிறது என்று எழுது.

கடவுள் உன்னைக் காக்கட்டும். வெள்ளிக்கிழமை முழுவதும் நான் உன்னையே நினைத்துக்கொண்டிருப்பேன்.

உன் அக்கா,
ஒட்டிலி


டேபெல்ன்,
ஏப்ரல் 10, 1944, ஈஸ்டர் திங்கள்

ரெய்ன்ஹோல்ட்,

அன்புள்ள என்று எழுதிவிட்டு அடித்துவிட்டேன். பிறகு எழுதிக்கொள்கிறேன்.

ஸ்டெல்ட்ஸ்னர் வந்து எல்லாம் சொன்னார். கடிதம் கிடைத்ததும் படித்தாயாம், அடுப்பில் போட்டாயாம், வெள்ளிக்கிழமை வரிசையில் நின்று பந்தை இடது கையால் பிடித்தாயாம். உனக்கு அடுத்து நின்றவர் ஹுப்னர் என்கிற தச்சராம், உன்னைவிடக் குட்டை, மூன்று குழந்தைக்காரர், நான்காவது வயிற்றில். நீ இல்லையென்றால் அந்த இடம் அவருக்காம். "அக்காகிட்ட சொல்லுங்க, அவர் எனக்குப் பின்னாடி நின்னு மூச்சு விடுற சத்தம் கேட்டுச்சு, பந்து வந்தப்ப கை தானாப் போயிருச்சு" என்று நீ சொன்னதாகச் சொன்னார் ஸ்டெல்ட்ஸ்னர்.

முட்டாளே. அன்றைக்கு முழுவதும் உன்னைத் திட்டிக்கொண்டே இருந்தேன். அப்பாவிடம் எரிந்து விழுந்தேன், முயலிடம் எரிந்து விழுந்தேன். ஹுப்னரின் பிள்ளைகளை நான் வேண்டாம் என்றா சொன்னேன்? ஒரு பந்தைத் தூக்கிப் போட்டு, நீ சாகிறாயா, மூன்று பிள்ளைகளின் அப்பா சாகட்டுமா என்று உன்னையே முடிவு செய்ய வைக்கிறார்களே, அந்த அயோக்கியத்தனத்தைச் செய்தவர்கள் காப்பி குடித்துக்கொண்டிருக்கிறார்கள். சுமந்தது நீ. ஆஸ்முஸுக்குப் போன வாரம் சட்டையில் ஒரு பதக்கம் ஏறியிருக்கிறது. குறித்த தேதியில் முடித்ததற்காக.

முதல் வண்டி வெளியே வந்த அன்று எல்லோரையும் முற்றத்தில் நிறுத்திப் பாட வைத்தார்கள். கட்டாய வேலைக்குப் பிடித்துக்கொண்டு வந்து, தகடுகளைத் தூக்கி இணைக்க வைத்த உக்ரேனியப் பெண்களை மட்டும் உள்ளேயே பூட்டிவிட்டார்கள். சைரன் ஊதினால் நமக்குப் பதுங்கறை, அவர்களுக்குப் பதுங்கறை கிடையாது, மேலே கண்ணாடிக் கூரைதான். இந்த வண்டிகள் யாருடைய ஊர்த் தெருக்களில் போய் நிற்கப் போகின்றன என்று அவர்களுக்குத் தெரியும். பூட்டுவதற்கு முன் அவர்களில் ஒருத்தி வண்டியின் பற்றவைத்த இணைப்பைக் கையால் தடவிப் பார்த்துக்கொண்டு நின்றாள். என் பக்கம் திரும்பவில்லை. என்ன முகத்தோடு நான் அவளைக் கூப்பிடுவது?

சரி, இனி பயனுள்ளதை எழுதுகிறேன்.

மரத்தில் செய்த வண்டியைக் கூடத்திலிருந்து எடுத்துக் கிடங்கில் போட்டிருக்கிறார்கள். போன வாரம் முழுவதும் மதிய உணவு இடைவேளையில் அதற்குள் போய் உட்கார்ந்தேன், உன் இடத்தில். கிடங்குக்காரர் முதல் நாள் எட்டிப் பார்த்து, "என்ன ஃப்ராய்லைன், சண்டைக்குக் கிளம்பிட்டீங்களா?" என்றார். கழற்றிய காலணி உள்ளே விழுந்துவிட்டது என்றேன். இரண்டாம் நாள், "இன்னுமா காலணி கெடைக்கல?" என்றார். மூன்றாம் நாளிலிருந்து அவராகவே கதவைச் சாத்திவிட்டு வெளியே நின்றுகொண்டார்.

உனக்கும் எனக்கும் ஒரே உயரம், அது உனக்குப் பிடிக்காத விஷயம், இப்போது உதவுகிறது. அப்பாவின் பெரிய கோட்டைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தேன். கண்ணை மூடிக்கொண்டு வெளியேறப் பழகினேன், புகை வந்தால் கண் தெரியாது. கவனமாகக் கேள்.

உன் தலைக்குச் சற்றுப் பின்னால்தான் வெளியேறும் வழியின் மூடி. அவசரத்தில் யாரும் நேராக எழுந்திருக்கத்தான் பார்ப்பார்கள். நானும் பார்த்தேன், நெற்றி புடைத்தது. முதலில் இடது தோளைப் பக்கத் தகட்டோடு ஒட்டித் தாழ்த்து. பிறகு முதுகைப் பின்பக்கமாகத் திருப்பு. வலது கால் உன் இருக்கையின் மேல். அப்போதுதான் தலை மூடிக்கு நேராக வரும். குண்டு அடுக்கின் ஓரத்தில் ஒரு கொக்கி இருக்கிறது, இடுப்பு பெல்ட் ஒவ்வொரு முறையும் அதில் மாட்டியது. நிஜ வண்டியில் அது இரும்பு. ஆகவே உள்ளே உட்கார்ந்ததும் பெல்ட்டைக் கழற்றிவிடு, யார் திட்டினாலும் சரி. மூடியைத் தாழ் போடாதே, ஒரு துணியை மடித்து இடுக்கில் வைத்துச் சும்மா சாத்தி வை. குறி பார்க்கிறவருக்கும் ஓட்டுகிறவருக்கும் நீ வழியில் இருப்பாய். நீ வெளியேறினால்தான் அவர்கள் வெளியேற முடியும். ஆகவே முதலில் போவது கோழைத்தனம் என்று யோசித்துக்கொண்டு உட்கார்ந்திருக்காதே. மற்றவர்களை நினைத்து நிற்கிறவன் நீ என்பது எனக்குத் தெரியும், அதனால் சொல்கிறேன்: அவர்களுக்காகத்தான் நீ முதலில் போக வேண்டும்.

பழகு. கண்ணை மூடிக்கொண்டு, கோட்டோடு, தினமும். கூட இருப்பவர்களையும் பழக வை. சிரிப்பார்கள், சிரிக்கட்டும்.

இப்போது நான் எழுதப் போவதை யாராவது படித்தால் எனக்கு என்ன ஆகும் என்று தெரியும். அப்பாவைப் பக்கத்து வீட்டில் பார்த்துக்கொள்வார்கள், கேட்டு வைத்திருக்கிறேன்.

வண்டி நின்றுவிட்டால், அது மறுபடி நகருமா என்று காத்திருக்க வேண்டாம். அதைச் சரிசெய்கிற வேலை உன்னுடையதல்ல, சரிசெய்ய வேண்டியவர்கள் ஜனவரியிலேயே செய்யாமல் விட்டார்கள். இறங்கு. கையில் எதையும் வைத்துக்கொள்ளாதே. வெளியே யார் என்ன மொழியில் கத்தினாலும் ஓடாதே, அசையாமல் நில். விரல்களை விரித்து இரண்டு கைகளையும் தலைக்குமேல் நன்றாகத் தெரியும்படி தூக்கு. தூக்கியபடியே இரு, தம்பி, பிடித்துக்கொண்டு போனால் போகட்டும். எத்தனை வருஷம் கழித்து வந்தாலும் பரவாயில்லை. எங்கிருந்து வந்தாலும் பரவாயில்லை.

நீ வரும்வரை இருப்பேன்.

அன்புடன்,
உன் அக்கா